நத்தைக்கும் பசிக்கும்

மெரைன் டேங்க், அதான் வீட்டுல கடல் தண்ணித் தொட்டி வச்சிருக்க நம்ம ஊர்க்காரங்க யாரப் பாத்தாலும் பேச்சு கடைசில இங்கதான் வந்து நிக்குது, "மீன்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே, நத்தை மட்டும் நிக்க மாட்டேங்கு, வாங்கிப் போட்டா ஒரு மாசம், மிஞ்சிப்போனா ரெண்டு மாசம், அப்புறம் வெறும் ஓடுதான் கெடக்கு". இதக் கேக்க கேக்க எனக்கு ஆத்தாமையா இருக்கு. ஏன்னா கடல் நத்தை அவ்வளவு லேசுல சாகுற உசுரு கெடையாது. ட்ரோகஸ்னு பாசி மேயுற வகைலாம் ஒழுங்கா பாத்துக்கிட்டா வருசக்கணக்குல இருக்கும், நம்ம வீட்டுத் தொட்டிலயே குட்டியும் வைக்கும். அது சாகுதுன்னா பெரும்பாலும் காரணம் ரெண்டுதான், வந்த அன்னிக்கே தண்ணி மாத்துன வேகத்துல அடிபட்டிருக்கும், இல்லன்னா பட்டினி. நோய் நொடி, விஷம், வெயில்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

பட்டினியப் பத்தி மொதல்ல சொல்லிருதேன், ஏன்னா இதத்தான் யாரும் நம்ப மாட்டேங்காவ.

கடைல நத்தைய விக்கும்போதே "க்ளீனிங் க்ரூ"ன்னு சொல்லித்தான் விக்காவ. கண்ணாடில பாசி புடிச்சிருக்கா, ஒரு இருவது நத்தை போடு, தின்னு தீத்துரும். தீத்துரும்தான், அது உண்மை. ரெண்டு வாரத்துல கண்ணாடி பளபளன்னு ஆயிரும், கல்லு மேல ஒரு பச்சை இருக்காது, வீட்டுக்கு வாரவங்கல்லாம் ஆஹான்னுவாங்க. அதுக்கப்புறம் அந்த இருவது நத்தையும் எதத் திங்கும்னு ஒருத்தரும் யோசிக்கறதில்ல. மாடு மெலிஞ்சா விலா எலும்பு தெரியும், நத்தை மெலிஞ்சா ஓட்டுக்குள்ளயே மெலியும், வெளிய ஒண்ணும் தெரியாது. ஓடு அதே சைஸ், அதே பளபளப்பு. உள்ள சதை சுருங்கிக்கிட்டே வரும், மொதல்ல வேகம் கொறையும், அப்புறம் ஒரே எடத்துல ரெண்டு நாள் மூணு நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும், அப்புறம் ஒரு நாள் காலைல கீழ விழுந்து கெடக்கும். நம்ம ஆளுங்க அத "வயசாயிருச்சு போல"ன்னு எடுத்துப் போட்டுட்டு அடுத்த வாரம் இன்னொரு இருவது வாங்கியாறாவ.

ஒரு காலனுக்கு ஒரு நத்தைன்னு ஒரு கணக்கு ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. காலன்னா 3.8 லிட்டர், அப்ப 100 லிட்டர் தொட்டிக்கு இருவத்தாறு நத்தை வருது. இது நத்தை விக்கிறவங்களுக்குத் தோதான கணக்கு, நத்தைக்குத் தோதானது இல்ல. என் கணக்கக் கேட்டா 100 லிட்டருக்கு நாலு ட்ரோகஸ், ரெண்டு மூணு நசாரியஸ் (மணலுக்குள்ள இருக்க வகை), அவ்வளவுதான். பாசி கொஞ்சம் மிஞ்சி நிக்கணும். பின்பக்கக் கண்ணாடிய நான் சொரண்டுறதே இல்ல, அது அதுங்க மேயுற எடம், முன்பக்கம் மட்டும் நம்ம பாக்கறதுக்குத் தொடச்சிக்கிட்டா போதும்.

பாசி பத்தலன்னா கைல குடுக்கணும். நோரின்னு கடல்பாசித் தகடு ஆன்லைன்ல கெடைக்குது, உப்பு காரம் எண்ணெய் எதுவும் போடாததா பாத்து வாங்கணும், நொறுக்குத்தீனி மாதிரி வறுத்து விக்கிறது வேண்டவே வேண்டாம். ராமநாதபுரம் கடற்கரைல பொம்பளைங்க முங்கி எடுக்குற கஞ்சிப்பாசி இருக்குல்ல, காயவச்சது கெடைச்சா அது இன்னும் நல்லது, நல்லா ஊறவச்சு அலசிட்டு குடுக்கலாம். ஒரு சின்னக் கல்லுல ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் நத்தை இருக்க எடத்துக்குப் பக்கத்துல எறக்கிருங்க, காலைல மிச்சத்த எடுத்துருங்க, விட்டா அழுகி தண்ணி கெட்டுப்போகும். ஸ்பைருலினா மாத்திரையும் திங்கும். மொத ரெண்டு தடவை திரும்பிக்கூடப் பாக்காது, அதுக்காக விட்றாதீங்க, அதுக்கு இது சாப்பாடுன்னு தெரிய கொஞ்சம் நாளாகும்.

திங்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கன்னா ஓட்டோட வாய் விளிம்பப் பாருங்க. நல்லா சாப்புடுற நத்தைக்கு அந்த விளிம்புல புதுசா ஒரு கோடு வளந்துக்கிட்டே வரும், கொஞ்சம் மெல்லிசா, பழைய ஓட்டு கலர்ல இருந்து வேற கலரா, பாசி படியாம சுத்தமா இருக்கும். ரெண்டு மூணு மாசமா அந்தப் புது கோடு இல்லன்னா அதுக்கு வயித்துக்கு பத்தல, இல்ல தண்ணில கால்சியம் இல்ல.

எல்லா நத்தையும் பாசி திங்காது, இதையும் சொல்லணும். நசாரியஸ் சுத்த அசைவம். பாசிக்காக நசாரியஸ் வாங்குறவங்க இன்னிக்கும் இருக்காவ, பாவம் அது மணலுக்குள்ள கெடந்து காயும். அது சாப்புடுறத ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் விடவே மாட்டீங்க. பகல்ல தொட்டில நசாரியஸ் இருக்கான்னே தெரியாது, மணலுக்கு மேல தும்பிக்கை மாதிரி ஒரு சின்னக் குழல் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும், அதுதான் மூக்கு. ஒரு துண்டு இறாலை உள்ள போட்டுட்டு கண்ணாடிகிட்ட முகத்த வச்சு உக்காருங்க. ஒரு நிமிசம் ஆகாது, அந்தக் குழல் அங்கயும் இங்கயும் ஆடும், அப்புறம் மணல் அங்கங்க புடைக்கும், ஒவ்வொண்ணா வெளிய வந்து குழல முன்னால நீட்டிக்கிட்டு மணல் மேல வழுக்கிக்கிட்டு வரும் பாருங்க, நத்தைன்னா மெதுவா போகும்னு எவன் சொன்னான்னு இருக்கும். எறால் மேல ஏறி ஒண்ணு மேல ஒண்ணு குமிஞ்சு தின்னுட்டு வந்த வழியே மணலுக்குள்ள போயிரும். மீன் திங்காம விட்ட தீனி மணல்ல கெடந்து அழுகாம இருக்கதுக்கு இதுதான் காரணம். மீனுக்குப் போடுற தீனில மிச்சமே விழாத தொட்டின்னா வாரம் ரெண்டு தடவை அதுக்குன்னு தனியா ஒரு துண்டு போடணும்.

நெரைட்னு ஒரு வகை கண்ணாடில படியுற மெல்லிசுப் படலத்தத்தான் மேயும், நீளமா முடி மாதிரி வளந்த பாசிய அது தொடாது, அதுக்கு டர்போங்கற வகைதான். டர்போவுக்குப் பசி ஜாஸ்தி, ஒடம்பும் கனம், ஒழுங்கா ஒட்டாத பவளத்தையும் சின்னக் கல்லையும் முட்டி உருட்டி விட்டுட்டுப் போயிரும், அதனால சின்னத் தொட்டிக்கு டர்போ வாங்காதீங்க. செரித்துங்கற வகை நடுத்தரம், மணல்லயும் கண்ணாடிலயும் கெடைச்சதத் தின்னுக்கிடும். என்னக் கேட்டா மொத நத்தை ட்ரோகஸ்தான். கவுந்து விழுந்தா தானா நிமிந்துக்கிடும், ஆஸ்ட்ரியா வகைக்கு அது முடியாது, மல்லாக்க விழுந்தா நம்ம கைய விட்டு நிமித்தணும், இல்லன்னா அப்படியே கெடந்து செத்துரும், இல்ல நண்டு வந்து தின்னுரும்.

ட்ரோகஸ் கண்ணாடில மேயும்போது உள்பக்கம் வாய் தெரியும், ஒரு லென்ஸ் வச்சுப் பாருங்க. உதடு விரியும், உள்ள இருந்து அரம் மாதிரி நாக்கு வந்து கண்ணாடிய ஒரு வழி வழிச்சுட்டு உள்ள போகும், தலைய லேசா அந்தப்பக்கம் திருப்பி இன்னொரு வழி. அது போன பாதைல பாசிப் படலத்துல வரிவரியா தடம் இருக்கும். நாக்கு முழுக்க வரிசையா பல்லு, தேயத் தேய பின்னாலருந்து புதுசு வந்துக்கிட்டே இருக்கும். பாறைல ஒட்டிக்கிட்டு இருக்குமே கூடாரம் மாதிரி லிம்பெட், அந்த நத்தைக்குப் பல்லுல இரும்புத் தாதுவே இருக்கு. கல்ல வழிச்சுத் திங்கணும்னா சும்மாவா.

இனி மொத நாள் விஷயம்.

கடல் தண்ணில உப்பு லிட்டருக்கு 35 கிராம் பக்கம், உப்பளவு பாக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ங்கற கருவில பாத்தா 1.026 (தண்ணியோட அடர்த்தி எண்) காட்டும். ஆனா நிறைய கடைல தொட்டிய 1.020ல வச்சிருப்பாவ, சில எடத்துல அதுக்கும் கீழ. உப்பு செலவு கொறையும், மீன் மேல வர்ற ஒட்டுண்ணியும் அடங்கும். மீனுக்கு அது பரவால்ல, மீன் ஒடம்புக்குள்ள உப்பு அளவ அதுவே சரிபண்ணிக்கிடும், செவுள் இருக்கு, கிட்னி இருக்கு. நத்தைக்கு அந்த வசதி கெடையாது. வெளிய தண்ணி எவ்வளவு உப்போ அவ்வளவு உப்புதான் அதோட ஒடம்புத் தண்ணியும். 1.020ல இருந்தத தூக்கி 1.026ல போட்டா ஒடம்புல உள்ள தண்ணி வெளிய ஓடும், உள்ள இருக்க ஒவ்வொரு செல்லும் வாடும். பாக்கறதுக்கு என்ன தெரியும், வாய மூடிக்கிட்டு போட்ட எடத்துலயே ரெண்டு நாள் கெடக்கும், மூணாம் நாள் நாறும். "கடைக்காரர் செத்த நத்தையக் குடுத்துட்டாரு"ன்னு வையறது இப்படித்தான்.

இதுக்கு மருந்து பொறுமைதான். பைய அப்படியே தொட்டில கால் மணி நேரம் மெதக்கவிட்டு சூட்ட சமமாக்கிட்டு, நத்தையையும் அந்தத் தண்ணியையும் ஒரு சின்ன வாளில விடுங்க. ஏர் பம்புக்குப் போடுற மெல்லிசு ட்யூப்ப தொட்டிலருந்து வாளிக்கு எறக்கி, நடுவுல ஒரு முடிச்சு போட்டு, வாயால உறிஞ்சி விட்டா தண்ணி வரும், முடிச்ச இறுக்கி செகண்டுக்கு ரெண்டு சொட்டு விழற மாதிரி வைங்க. வாளி ரொம்ப நெறைஞ்சா பாதிய ஊத்திட்டு மறுபடி விடுங்க. கடிகாரத்தப் பாக்காதீங்க, ரிஃப்ராக்டோமீட்டரப் பாருங்க, வாளித் தண்ணியும் தொட்டித் தண்ணியும் ஒரே நம்பர் காட்டுற வரைக்கும், அது ரெண்டு மணி நேரமோ மூணு மணி நேரமோ. நம்ம ஊர் வெயில்ல சின்ன வாளித் தண்ணி சீக்கிரம் சுட்டுரும், அதனால தரைல நெழலான எடமா பாத்து வைங்க. முடிஞ்சதும் நத்தைய மட்டும் எடுத்து, கல்லு மேல வயிறு கீழ இருக்க மாதிரி வைங்க, மேல இருந்து போட்டுறாதீங்க, கடைத் தண்ணியையும் தொட்டில ஊத்தாதீங்க.

கடைல கேக்கவும் கூச்சப்படாதீங்க. நான் போற கடை அண்ணாச்சிகிட்ட "அண்ணாச்சி, தொட்டில உப்பு எவ்வளவு வச்சிருக்கீங்க"ன்னு கேட்டா "நீங்களே பாத்துக்கிடுங்க தம்பி"ன்னு கருவியக் கைல குடுத்துருவாரு, அந்த மாதிரி கடைல வாங்குங்க. வாங்கும்போது நத்தை கண்ணாடில ஒட்டியிருக்கணும், இழுத்தா இறுக்கிப் புடிக்கணும். ஓட்டு விளிம்புல அரிசிக் குருணை அளவுல வெள்ளையா குட்டிக் குட்டி நத்தை ஒட்டிக்கிட்டு இருந்தா அது ஒட்டுண்ணியா இருக்க வாய்ப்பிருக்கு, பெரிய நத்தையோட சத்த உறிஞ்சுற வகை, அத ஒரு பழைய பல்தேய்க்கிற பிரஷ் வச்சுத் தேச்சு எடுத்துட்டுத்தான் உள்ள விடணும்.

தண்ணிக்கு வருவோம். இங்க ரெண்டு விஷயம் நம்ம ஊருக்குன்னே சொல்ல வேண்டியிருக்கு.

தூத்துக்குடி பக்கத்துலதான இருக்கு, உப்பளத்து உப்ப வாங்கிக் கரைச்சா கடல் தண்ணி ஆயிராதான்னு கேக்காவ. ஆகாது. உப்பளத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க, கடல் தண்ணி பாத்தில வத்தும்போது மொதல்ல கால்சியம் ஜிப்சமா படிஞ்சு தனியா போயிருது, அப்புறம்தான் சாப்பாட்டு உப்பு படியுது, கடைசில மிஞ்சுற கசப்புத் தண்ணில மெக்னீசியம் நிக்குது, அத வடிச்சு விட்ருதாவ. அப்ப நம்ம கைக்கு வர்ற உப்புல கால்சியமும் மெக்னீசியமும் பேருக்குத்தான் இருக்கும். நத்தை ஓடு முழுக்க கால்சியம் கார்பனேட், அது எதுல ஓடு கட்டும்? கடல் தண்ணில கால்சியம் 410 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) பக்கம் இருக்கு, மெக்னீசியம் 1300 பக்கம். மெரைன் சால்ட்னு தனியா விக்கிற உப்புல இதெல்லாம் சேத்திருக்கும், வெலை கூடத்தான், வேற வழியில்ல. கால்சியம் 400லருந்து 450, ஆல்கலினிட்டி (தண்ணில கார்பனேட் எவ்வளவுங்கற கணக்கு) 8 டிகேஹெச் பக்கம், இது ரெண்டையும் மாசம் ஒரு தடவையாவது டெஸ்ட் கிட்ல பாருங்க. உவரி, திருச்செந்தூர்னு போயி கேன்ல கடல் தண்ணி புடிச்சிட்டு வாறவங்களும் உண்டு. அது நல்ல தண்ணிதான், மழை சமயத்துல மட்டும் வேண்டாம், கரையோரம் உப்பு கொறைஞ்சு கலங்கி வரும். புன்னைக்காயல் பக்கம் எந்தக் காலத்துலயும் வேண்டாம், தாமிரபரணி வந்து கலக்குற எடம். போர் தண்ணி உப்பா இருக்குல்ல அத ஊத்தலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, அந்த உப்பு வேற கடல் உப்பு வேற, ஊத்தவே கூடாது.

ரெண்டாவது செம்பு. நம்ம வீடுகள்ல செம்புப் பானைல, செம்புக் குடத்துல ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு காலைல குடிக்கிற பழக்கம் உண்டு, எங்க அம்மா இன்னமும் செய்தாவ. தொட்டிக்கு அந்தத் தண்ணிய எடுக்கக் கூடாதுன்னு சொன்னப்ப "ஏல, மனுசனுக்கு நல்லது நத்தைக்கு மட்டும் ஆவாதோ"ன்னு கேட்டாவ. ஆவாதும்மா, கொஞ்சங்கூட ஆவாது. இதுல ஆச்சரியம் என்னன்னா நத்தை ரத்தத்துல ஆக்ஸிஜன் சொமக்குறதே செம்புதான், நமக்கு இரும்பு மாதிரி அதுக்கு செம்பு, அதனால ரத்தம் லேசா நீலமா இருக்கும். ஆனா தண்ணில கரைஞ்ச செம்பு கொஞ்சம் கூடுனாலும் அதே நத்தைய அது கொன்னுரும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தா ஊத்துற மருந்துல நிறைய செம்பு மருந்துதான், அதுல லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பக்கம் வச்சா மீன் தாங்கும், ஒட்டுண்ணி சாகும், நத்தையும் எறாலும் மிஞ்சாது. ஒரு தடவை தொட்டில ஊத்திட்டா கல்லும் மணலும் அத உறிஞ்சி வச்சுக்கிட்டு பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா விடும். அதனால மீனுக்கு வைத்தியம்னா தனித் தொட்டில வச்சுப் பாருங்க, நத்தை இருக்க தொட்டில ஒரு சொட்டு கூட வேண்டாம்.

செம்புக்குடத்த விட பெரிய ஆபத்து இப்ப சமையக்கட்டுல மாட்டியிருக்க ஆர்ஓ மிஷின். புதுசா வர்ற மிஷின் நிறையதுல தண்ணில செம்பு சேக்குற கேட்ரிட்ஜ் ஒண்ணு வச்சே விக்காவ, ஒடம்புக்கு நல்லதுன்னு. ஆர்ஓ தண்ணி தான, சுத்தமாத்தான இருக்கும்னு நெனைச்சு அதையே தினம் தொட்டில ஊத்துனா தினம் கொஞ்சம் செம்பு ஊத்துறோம்னு அர்த்தம், தண்ணி ஆவியா போகும் செம்பு போகாது, சேந்துக்கிட்டே வரும். ஒரு காரணமும் தெரியாம நத்தை ஒவ்வொண்ணா சாகுற வீட்டுல மொதல்ல நான் கேக்குற கேள்வி இதுதான், மிஷின்ல காப்பர்னு எழுதியிருக்கா பாருங்க. இருந்தா சர்வீஸ்காரர வச்சு வடிகட்டுற மெம்பரேன்லருந்து வர்ற குழாய்ல, அந்த கேட்ரிட்ஜுக்கு முன்னாடியே ஒரு டி-ஜாயின்ட் போட்டு தொட்டிக்குத் தனியா எடுத்துக்கிடலாம்.

வெயில். சித்திரை வெயில்ல பாளையங்கோட்டை வீட்டுக்குள்ள தொட்டித் தண்ணி 31, 32 போயிரும், மொட்டைமாடி வீடுன்னா கேக்கவே வேண்டாம். நத்தைக்கு 24லருந்து 27 வரைக்கும் சொகம். தண்ணி சூடாக ஆக ஆக்ஸிஜன் கொறையும், அதே நேரம் சூட்டுல நத்தைக்கு மூச்சுத் தேவை கூடும், ரெண்டும் ஒரே சமயத்துல வந்து கழுத்த நெரிக்கும். தண்ணியக் குளிர வைக்குற சில்லர் வாங்க முடிஞ்சா வாங்குங்க, முடியாதவங்க தண்ணி மேற்பரப்புல ஒரு ஃபேன திருப்பி விடுங்க, ரெண்டு மூணு டிகிரி எறங்கும். ஆனா ஃபேன் ஓடுனா தண்ணி வத்தும், தண்ணி வத்துனா உப்பு ஏறும், இதத்தான் மறந்துருதாவ. 100 லிட்டர் தொட்டில 10 லிட்டர் வத்திட்டா 35ல இருந்த உப்பு 39 பக்கம் போயிரும். ஆடிக் காத்து நேரத்துல ஃபேனே வேண்டாம், செங்கோட்டை பக்கமிருந்து வர்ற காத்து சன்னல் வழியா வந்தே வத்த வச்சிரும். கண்ணாடில மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சிக்கிட்டு தினம் காலைல கோடு வரைக்கும் நல்ல தண்ணி ஊத்துங்க, உப்புத்தண்ணி இல்ல, நல்ல தண்ணி. வத்துனது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கனயேதான் இருக்கு. ஒரே நாள்ல அஞ்சு லிட்டர் ஊத்துறத விட தினம் ஒரு லிட்டர் ஊத்துறது நத்தைக்கு நல்லது.

கரண்ட் போறதப் பத்தி சொல்லணும்னா 2023 டிசம்பர் வெள்ளம்தான் நெனைப்பு வருது. 17, 18 தேதி பெஞ்ச மழைல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர், ஆறு ஊருக்குள்ள வந்துருச்சு, கரண்டு இல்ல, போன் இல்ல. வீட்டுல மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்லாத நேரம், அப்பவும் ராத்திரி டார்ச் அடிச்சு தொட்டியப் பாத்தேன். பேட்டரி ஏர் பம்பு ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அது போதாம நத்தை எல்லாம் மேல ஏறிருச்சு. ட்ரோகஸ் தண்ணி விளிம்புல வந்து நின்னுச்சு, நெரைட் தண்ணிய விட்டே வெளிய ஏறி கண்ணாடி மேல் சட்டத்துல ஓட்ட இறுக்கி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அது அலை ஏறி எறங்குற பாறைல வாழுற சாதி, தண்ணி இல்லாம மணிக்கணக்கா இருக்கும், ஓட்டுக்குள்ள கொஞ்சம் தண்ணிய புடிச்சு வச்சுக்கிட்டு. கரண்டு வர்ற வரைக்கும் நெரைட்டப் பத்தி எனக்குக் கவலையே இல்ல, நசாரியஸும் ட்ரோகஸும்தான் நெஞ்சப் பெசஞ்சுச்சு. ஒரு மக்குல தொட்டித் தண்ணிய மோந்து மோந்து ஒசரத்துலருந்து ஊத்திக்கிட்டே இருந்தோம், வீட்டுல ஆளாளுக்கு மாத்தி மாத்தி. ஒண்ணு கூட சாகல. அதுலருந்து தெரிஞ்சது, நத்தை எல்லாம் ஒரே நேரத்துல மேல ஏறுச்சுன்னா தண்ணில ஏதோ சரியில்லன்னு அர்த்தம், டெஸ்ட் கிட் எடுக்குறதுக்கு முன்னாடி அதுங்களே சொல்லிரும்.

கடற்கரைல நத்தை பொறுக்கிட்டு வந்து விடலாமான்னு கேக்கவங்களுக்கு, வேண்டாம். தூத்துக்குடிலருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவும் 1986லருந்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, அங்கருந்து எதையும் எடுக்கக் கூடாது. பவளப்பாறை எந்தக் கரைல கெடைச்சாலும் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல், துண்டக் கூட தொடக் கூடாது, சங்கு சிப்பி வகைலயும் பலது பட்டியல்ல இருக்கு. சட்டத்த விடுங்க, கூம்பு மாதிரி அழகா படம் போட்ட ஓட்டோட ஒரு நத்தை இருக்கு, அதுல சிலதுக்கு கொட்டுனா மனுசன் உசுரு போற விஷம். பிள்ளைங்கள கடலுக்குக் கூட்டிட்டுப் போனா உசுரோட இருக்க அந்த ஓட்டக் கைல எடுக்க விடாதீங்க. அதுபோக நம்மூர் பாறைல இருக்க நத்தைல மத்த நத்தை ஓட்டுல ஓட்டை போட்டுத் திங்குற வகையும் உண்டு, ஒண்ணு உள்ள வந்துட்டா மிச்சது காலி.

சன்னியாசி நண்டு வச்சிருக்கவங்க வேற வேற சைஸ்ல காலி ஓடு நாலஞ்சு தொட்டில போட்டு வைங்க. அது வளர வளர புது வீடு தேடும், காலி வீடு இல்லன்னா ஆள் இருக்க வீட்டப் பாக்கும். நான் நத்தைக்காக நண்டே வைக்கறதில்ல.

செத்துருச்சான்னு எப்படித் தெரியும்னா, நத்தைக்கு வாசல்ல ஒரு மூடி இருக்கும். டர்போவுக்கு வெள்ளையா கல்லு மாதிரி கனமா, ட்ரோகஸுக்கு பழுப்பா வட்டமா மெல்லிசா. உசுரோட இருக்க நத்தைய எடுத்து மூடியத் தொட்டா உள்ள இழுத்துக்கும். மூடி தளந்து தொங்குனாலோ, தொட்டும் அசையலன்னாலோ, வெளிய எடுத்து மோந்து பாருங்க, செத்த நத்தை நாத்தத்துக்கு சந்தேகமே வராது, வீடே எந்திரிச்சிரும். நாத்தம் இல்லன்னா அவசரப்பட்டு தூக்கிப் போடாதீங்க, வயிறு கீழ வச்சு ஒரு நாள் பாருங்க. செத்தது உறுதின்னா உடனே எடுத்துருங்க, சின்னத் தொட்டில ஒரு பெரிய டர்போ அழுகுனா அமோனியா ஏறி மீனையும் கூட்டிட்டுப் போயிரும்.

இப்ப நல்ல சேதி. எங்க தொட்டி ட்ரோகஸ் இந்த வருசமும் குட்டி வச்சிருக்கு. ஒரு சாயங்காலம் எல்லாம் ஒசரமான கல்லு மேல ஏறி நின்னு பொகை விடுற மாதிரி வெள்ளையா விட்டுச்சு, தண்ணி கொஞ்ச நேரம் மங்கலாயிருச்சு. இதோட குஞ்சு சாப்பாடு இல்லாமலே சில நாள் மெதந்துட்டு கல்லுல ஒட்டிக்கிடும், அதனாலதான் வீட்டுத் தொட்டில பொழைக்குது. நெரைட்டும் கல்லு மேல எள்ளு அளவுல வெள்ளை வெள்ளையா முட்டை வைக்கும், ஆனா அது குஞ்சு நம்ம தொட்டில தேறாது. ட்ரோகஸ் குட்டி பின்பக்கக் கண்ணாடிலயும் சம்ப்லயும் (தண்ணி வடிகட்டுற கீழ்த்தொட்டி) மொளகு அளவுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, இப்ப சுண்டுவிரல் நகம் அளவு வந்துருச்சு, எனக்குத் தேவைக்கு மேல இருக்கு.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி பக்கம் இருக்கவங்க வேணும்னா கேளுங்க, காசு வேண்டாம். தொட்டி ஓட ஆரம்பிச்சு ஆறு மாசமாவது ஆயிருக்கணும், மொதல்ல வர்ற பழுப்புப் படலம் போயி பச்சைப் பாசி வந்திருக்கணும், செம்பு மருந்து எப்பவுமே ஊத்தாத தொட்டியா இருக்கணும். வரும்போது உங்க தொட்டித் தண்ணில ஒரு லிட்டர் பாட்டில்ல கொண்டாங்க, இங்கனயே அளந்து பாத்து உப்பு சமமாக்கிட்டு குடுத்து விடுதேன். ஒரு வீட்டுக்கு மூணுதான், பாசியக் காட்டி கேட்டா நாலு.